எக்மோவில் இருக்கும் பச்சிளங்குழந்தையின் சார்ட்: எந்த வேலைக்கு எந்தக் கோட்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். கேட்டவர் சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்கிறார், அதாவது மருத்துவர்கள் செய்த வேலைகளைக் காப்பீட்டுக்கான எண்களாக மாற்றுகிறார். குழந்தைகள் இதயப் பிரிவுக்கு இப்போதுதான் மாற்றியிருக்கிறார்கள். கையில் வந்த சார்ட் இது: பிறந்து 2 நாளான குழந்தை, எடை 3.2 கிலோ. வயிற்றுக்குள் இருந்தபோதே மலத்தை மூச்சோடு இழுத்து நுரையீரல் கெட்டுப்போய், நுரையீரல் ரத்த அழுத்தமும் ஏறி, வென்டிலேட்டர் போதாமல் எக்மோவில், அதாவது ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பிவிடும் இயந்திரத்தில், சேர்த்திருக்கிறார்கள். தீவிர சிகிச்சை மருத்துவர் மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டார், தொப்புள் தமனியில் லைன் போட்டார். அறுவை மருத்துவர் கழுத்தைத் திறந்து தமனியில் ஒன்று, சிரையில் ஒன்று என இரண்டு கேனுலா (ரத்தம் போய்வரும் குழாய்) வைத்தார். எக்மோவின் 4-ம் நாள் சிரைக் கேனுலாவைத் திரும்பத் திறந்து இடம் மாற்றினார். 7-ம் நாள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இதற்கு 33953 (கேனுலா வைத்ததற்கு) இரண்டு முறை, முதல் நாளிலேயே 33947-ம் (எக்மோ தொடங்கியதற்கு) 33949-ம் (தினசரி மேலாண்மைக்கு) சேர்த்து, அந்த இரண்டுக்கும் மாடிஃபையர் 63 (கோடோடு சேர்க்கும் கூடுதல் குறியீடு), கூடவே 31500 (ட்யூப் போட்டதற்கு), 36660 (தொப்புள் தமனி லைனுக்கு) என்று போட்டிருக்கிறார். ஆடிட்டில் நான்கு எரர். "எல்லாமே நடந்த வேலைதானே, ஏன் போடக்கூடாது?" என்பது கேள்வி.

கேள்வி எரர்களைப் பற்றியது மாதிரி தெரிந்தாலும், உள்ளே இருப்பது வேறு. எக்மோ என்பது ஒரே சிகிச்சை, அதற்கு ஏன் இத்தனை கோட், அவற்றில் எது எதை விழுங்குகிறது என்பதுதான் நீங்கள் கேட்பது. அது பிடிபட்டுவிட்டால் நான்கு எரரும் தானாகத் தெளியும்.

2014 வரை நிலைமை எளிமையாக இருந்தது. கேனுலா வைக்க 36822, முதல் நாளுக்கு 33960, அடுத்த ஒவ்வொரு நாளுக்கும் 33961, அவ்வளவுதான். 2015 சிபிடியில் (மருத்துவர்களின் வேலைகளுக்கான அமெரிக்கக் கோட் புத்தகம்) மூன்றையும் நீக்கிவிட்டு 25 புதிய கோடுகள் கொண்டுவந்தார்கள். காரணம் நியாயமானது. எக்மோவில் ஒருவர் செய்யும் வேலை என்று ஒன்று கிடையாது. ரத்தக்குழாயில் கேனுலா வைப்பவர் ஒருவர், சர்க்யூட்டை, அதாவது பம்பும் ஆக்சிஜனேட்டரும் சேர்ந்த இயந்திரச் சுற்றை, முடிவுசெய்து ஓட்டுபவர் ஒருவர், குழந்தையை முழுதாகப் பார்த்துக்கொள்பவர் ஒருவர். மூவரும் ஒரே ஆளாகவும் இருக்கலாம், மூன்று துறைகளைச் சேர்ந்தவர்களாகவும் இருக்கலாம். பழைய கோடுகள் இந்த வேறுபாட்டைக் காட்டவில்லை. புதியவை காட்டுகின்றன. அதனால் எக்மோ சார்ட் கையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது கேனுலா, சர்க்யூட், குழந்தை என்ற மூன்றில் அன்றைக்கு எதை யார் செய்தார் என்பதைத்தான்.

கேனுலாவை எடுத்துக்கொள்வோம். வைப்பது, இடம் மாற்றுவது, எடுப்பது என்று மூன்று செயல்கள். ஒவ்வொன்றிலும் தோல் வழியாக ஊசி முறையில், திறந்து, நெஞ்சைத் திறந்து மையக் குழாய்களில் என்று மூன்று வழிகள். ஒவ்வொரு வழியிலும் வயது இரண்டாகப் பிரியும்: பிறந்தது முதல் 5 வயது வரை, 6 வயதும் அதற்கு மேலும். வைப்பதற்கு 33951 முதல் 33956 வரை. அதில் ஒற்றைப்படை எண்கள் சின்னக் குழந்தைகளுக்கு, இரட்டைப்படை 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. 33951, 33952 ஊசி முறை. 33953, 33954 திறந்து வைப்பது. 33955, 33956 நெஞ்சைத் திறந்து. வயது என்பது அந்தச் செயல் நடந்த தேதியின் வயது. 6-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் கேனுலா வைத்து, பிறந்தநாளுக்குப் பிறகு எடுத்தால், வைத்ததற்குச் சின்ன வயதுக் கோடும் எடுத்ததற்குப் பெரிய வயதுக் கோடும் வரும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது சரியானதுதான்.

உங்கள் முதல் எரர் இங்கேதான். 33953-ன் விவரத்தைத் திரும்பப் படியுங்கள். தமனி, சிரை அல்லது இரண்டும் என்று இருக்கும், கேனுலா என்பதும் ஒன்றோ பலவோ என்ற பொருளில் இருக்கும். பச்சிளங்குழந்தைக்கு தமனி வழி எக்மோ என்றால் வலது கழுத்தில் ஒரே திறப்பில் பொதுக் கழுத்துத் தமனியிலும் உள் கழுத்துச் சிரையிலும் கேனுலா வைப்பது வழக்கம். எத்தனை கேனுலா என்று எண்ண வேண்டாம், 33953 ஒரு முறைதான். இது அறுவை மருத்துவரின் பெயரில் போகும்.

4-ம் நாள் இடம் மாற்றியது தனி வேலை, அதற்குத் தனிக் கோட் உண்டு. திறந்து செய்ததால் 33959. ஆனால் இரண்டு நிபந்தனை: வைத்த அதே அமர்வில் சரிசெய்தால் போடக்கூடாது, எக்மோ தொடங்கிய அதே நாளிலும் போடக்கூடாது. உங்கள் சார்ட்டில் இரண்டும் இல்லை, அதனால் தைரியமாகப் போடலாம். நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், உங்கள் பட்டியலில் இல்லை. ஆடிட்டரும் அதைச் சொல்லவில்லை என்றால் அவரிடம் கேளுங்கள். அதிகமாகப் போடுவதை மட்டும் எரர் என்று பார்க்கும் பழக்கம் நம் வேலையில் ஊறிப்போயிருக்கிறது. செய்த வேலையை விட்டுவிடுவதும் அதே அளவு பிழை.

எடுத்ததற்கு 33969, திறந்து, 5 வயது வரை. எடுக்கும்போது தமனியை நேராகத் தைத்து மூடினால் அது இதிலேயே அடங்கும். ஒட்டு வைத்தோ வேறு விதமாகவோ தமனியைப் பெரிதாகச் சீரமைத்திருந்தால் மட்டும் அந்தச் சீரமைப்புக்குத் தனிக் கோட் சேர்க்கலாம், ஆப் நோட்டில், அதாவது அறுவைக் குறிப்பில், அது விவரமாக எழுதியிருக்க வேண்டும். கேனுலாவை மாற்றும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. அதே ரத்தக்குழாயில் பழையதை எடுத்துப் புதியதை வைத்தால், வைத்ததற்கு மட்டும் கோட். வேறு ரத்தக்குழாய்க்குப் போனால் எடுத்ததற்கும் வைத்ததற்கும் இரண்டும் உண்டு.

இந்த இடத்தில் புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் ஒரு விஷயம். எண்கள் வரிசையாகப் போகாது. இடம் மாற்றும் கோடுகள் 33957, 33958, 33959 என்று வந்து 33962-க்குத் தாவும். நடுவில் இருந்த 33960, 33961 நீக்கப்பட்ட பழைய கோடுகள். எடுக்கும் கோடுகள் 33965, 33966, 33969 என்று வந்து ஒரேயடியாக 33984, 33985, 33986-க்குப் போகும். நடுவில் இருக்கும் 33967, 33968, 33970 எல்லாம் மகாதமனிக்குள் வைக்கும் பலூன் பம்ப் சார்ந்தவை. 33975 முதல் இதயக் கீழறைக்குத் துணை செய்யும் கருவிகள், அதாவது வாட். எண்ணை மனப்பாடமாகத் தொடர்ந்து எழுதினால் எக்மோவை எடுத்த குழந்தைக்குப் பலூன் பம்ப் வைத்ததாகக் க்ளெய்ம் போகும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இந்தப் பகுதியில் எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

அடுத்து சர்க்யூட். தொடங்குவதற்கு 33946, 33947. தினசரி மேலாண்மைக்கு 33948, 33949. ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது சிரையில் எடுத்துச் சிரையிலேயே திருப்பிவிடும் முறை, அதாவது விவி. இரண்டாவது சிரையில் எடுத்துத் தமனியில் விடும் விஏ. இதில் வயதுப் பிரிவு கிடையாது. விவி நுரையீரலுக்கு மட்டும் துணை செய்யும், விஏ இதயத்துக்கும் சேர்த்து. உங்கள் குழந்தைக்குத் தமனியில் கேனுலா இருப்பதால் விஏ என்று எடுத்தது சரி. கேனுலா எங்கே இருக்கிறது என்பதை ஆப் நோட்டில் பார்த்துத்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும். தினசரிக் குறிப்பில் எக்மோ என்று மட்டும் எழுதியிருப்பார்கள்.

தொடங்குவது என்றால் இயந்திரத்தை ஆன் செய்வது மட்டும் அல்ல. எந்தப் பாகங்கள் வேண்டும், ரத்த ஓட்டம் எவ்வளவு, வாயு எவ்வளவு, மற்ற அளவுகள் என்ன என்று மருத்துவர் முடிவுசெய்து சர்க்யூட்டை நிலைக்குக் கொண்டுவரும் வேலை அது. அன்றைய மீதி நேரத்தில் அதைக் கவனித்துக்கொள்வதும் அதில் அடங்கிவிடுகிறது. அதனால்தான் தொடங்கிய நாளில் தினசரி மேலாண்மைக் கோட் போடக்கூடாது என்று சிபிடி வழிகாட்டியே சொல்கிறது. இது உங்கள் இரண்டாவது எரர். முதல் நாள் 33947 மட்டும், 2-ம் நாளிலிருந்து 33949, நாளுக்கு ஒரு முறை.

மூன்றாவது, மாடிஃபையர் 63. 4 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு அறுவை வேலை கூடுதல் கடினம் என்று காட்டத்தான் அது. 3.2 கிலோ என்று பார்த்ததும் கை போவது இயல்பு. ஆனால் 33946 முதல் 33949 வரையிலான நான்கும் அந்த மாடிஃபையர் ஏற்காத கோடுகளின் பட்டியலில் இருக்கின்றன. சிபிடி புத்தகத்தின் பின்னிணைப்பு எஃப் அந்தப் பட்டியல். சிறு குழந்தைகளின் சார்ட் பார்ப்பவர்கள் அந்தப் பக்கத்துக்கு ஒரு அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வேலை குழந்தையை முழுதாகப் பார்ப்பது. இங்கே பலர் நினைப்பதற்கு நேர்மாறாக, எக்மோ கோட் தீவிர சிகிச்சைக் கோடை விழுங்காது. சர்க்யூட்டைப் பார்ப்பதும் நோயாளியைப் பார்ப்பதும் வேறு வேறு என்று வழிகாட்டி தெளிவாகப் பிரித்திருக்கிறது. ஒரே மருத்துவர் இரண்டையும் செய்தாலும் இரண்டும் உண்டு. 28 நாள் வரை முதல் நாளுக்கு 99468, பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 99469. 29 நாள் முதல் 24 மாதம் வரை 99471, 99472. 2 முதல் 5 வயது வரை 99475, 99476. 6 வயதிலிருந்து நேரக் கணக்குக்கு மாறுகிறது: முதல் 30 முதல் 74 நிமிடத்துக்கு 99291, அதற்கு மேல் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் 99292. உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகள் வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் இருப்பார்கள். 29-வது நாள் வந்ததும் 99469-லிருந்து 99472-க்கு மாற வேண்டும். வயதுப் பிரிவு மாறிவிட்டதே என்று 99471 போட்டுவிடாதீர்கள். அது புதிதாகச் சேர்ந்த முதல் நாளுக்கு உரியது.

எக்மோவை விழுங்காத இந்தத் தினசரிக் கோடுகள் வேறு நிறைய விழுங்கும். ட்யூப் போடுவது, வென்டிலேட்டர் மேலாண்மை, தொப்புள் தமனி, சிரை லைன்கள், முதுகுத்தண்டில் நீர் எடுப்பது, சர்ஃபாக்டன்ட் கொடுப்பது எல்லாம் உள்ளே அடங்கும். அதே மருத்துவர் 99468 போடும்போது 31500-ம் 36660-ம் தனியாக நிற்காது. நான்காவது எரர் அதுதான். வேலை நடந்தது உண்மை, ஆனால் அதற்கான மதிப்பு 99468-க்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

இதுவரை சொன்னது புத்தகத்தில் இருப்பது, சந்தேகத்துக்கு இடமில்லை. இனி சொல்வது அப்படி அல்ல, பேயருக்குப் பேயர், அதாவது காப்பீடு தருபவருக்குத் தருபவர், மாறும். 99468-ஓடு 33947 போகும்போது பல பேயர்கள் மாடிஃபையர் 25 (நோயாளியைப் பார்த்தது தனி வேலை என்று காட்டுவது) கேட்பார்கள். அதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளாமல் அந்தந்தப் பேயரின் எடிட்டை (க்ளெய்ம் சரிபார்ப்பு விதியை) பாருங்கள். கேனுலா எடுத்த நாளில் 33949 போடலாமா என்பதும் அப்படித்தான். எடுப்பதற்கு முன் அன்று சர்க்யூட்டில் மருத்துவர் முடிவெடுத்து வேலை செய்ததாக, படிப்படியாகக் குறைத்ததாகக் குறிப்பு இருந்தால் நான் போடுவேன். காலையிலேயே எடுத்துவிட்டு ஒரு வரி எழுதியிருந்தால் போட மாட்டேன்.

இன்னும் சிக்கலானது அறுவை அரங்கில் நடப்பது. இடது இதயம் வளராத குழந்தைக்கு நார்வுட் அறுவை, 33619 என்று வையுங்கள். பைபாஸிலிருந்து (அறுவையின்போது ஓடும் இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து) இறக்க முடியவில்லை, எக்மோவுக்கு மாற்றுகிறார்கள். பைபாஸுக்கு வைத்த அதே கேனுலாக்களை எக்மோ சர்க்யூட்டில் இணைத்ததாக ஆப் நோட்டில் இருந்தால், புதிதாக வைத்த வேலை அங்கே எதுவும் இல்லை, 33955 போட நான் தயங்குவேன். எக்மோ தொடங்கியதற்கு மட்டும் போடுவேன். வேறு கேனுலா வைத்ததாக எழுதியிருந்தால் கதை வேறு. இதில் ஆடிட்டர்களே இரு பக்கமும் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். இது என் தீர்மானம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், விதி என்று அல்ல. அறுவைக்குப் பிறகு வார்டில் நிலைமை மோசமாகி மறுபடி அரங்குக்குக் கொண்டுபோய்க் கேனுலா வைத்தால், 90 நாள் குளோபல் காலம் (அறுவைக்கான தொகையிலேயே பின்சிகிச்சையும் அடங்கும் காலம்) ஓடிக்கொண்டிருப்பதால் மாடிஃபையர் 78 (எதிர்பாராமல் மறுபடி அரங்குக்குப் போனதைக் காட்டுவது) தேவைப்படும் என்பதில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஆவணத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 33949 டினை ஆவது, அதாவது பேயர் பணம் தர மறுப்பது, பெரும்பாலும் கோட் தவறால் அல்ல. தினசரி மேலாண்மையில் ரத்த ஓட்டம், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு நீக்கம், உடலின் எதிர்வினை, ரத்தம் உறையாமல் பார்ப்பது, ரத்தக்கசிவு, கேனுலாவின் இடம், அலாரமும் பாதுகாப்பும் அடங்கும். இரண்டு குறிப்புகளை ஒப்பிடுங்கள். ஒன்று: "எக்மோவில் இருக்கிறார், நிலையாக உள்ளார், தொடர்க." இன்னொன்று: "ஓட்டம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 110 மி.லி.; கார்பன் டை ஆக்சைடு ஏறியதால் ஸ்வீப் வாயு கூட்டப்பட்டது; ஆன்டி டென் ஏ 0.3, ஹெபாரின் சற்று உயர்த்தினோம். கழுத்துக் காயத்தில் கசிவு, தட்டணுக்கள் ஏற்றப்பட்டன. ஆக்சிஜனேட்டர் ஓரத்தில் சின்ன உறைவு, கவனிக்கிறோம். எக்ஸ்ரேயில் கேனுலா இடம் மாறவில்லை." இரண்டாவதைப் பார்த்தால் எந்தப் பேயரும் கேள்வி கேட்க முடியாது. முதலாவதை வைத்து 33949 போட்டால், அந்த மருத்துவர் இரவெல்லாம் சர்க்யூட் பக்கத்தில் நின்றிருந்தாலும் நாம் அதை நிரூபிக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் எக்மோ நிபுணரின் மணிவாரி ஷீட்டில் எல்லா எண்ணும் இருக்கும், ஆனால் அது நர்ஸோ சுவாச சிகிச்சையாளரோ பெர்ஃப்யூஷனிஸ்டோ எழுதியது. மருத்துவரின் வேலைக்கு அவருடைய குறிப்பே வேண்டும்.

நீங்கள் ப்ரொவைடர் (மருத்துவர்) பக்கம் பார்ப்பதால் மருத்துவமனைப் பக்கத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே சிபிடி வராது, மருத்துவமனைச் செயல்முறைகளுக்கான ஐசிடி-10-பிசிஎஸ் கோடுகள் வரும். 2018 அக்டோபர் 1 முதல் பழைய 5ஏ15223 போய், மைய எக்மோவுக்கு 5ஏ1522எஃப், புறக்குழாய் வழி விஏவுக்கு 5ஏ1522ஜி, விவிக்கு 5ஏ1522எச் என்று பிரிந்தது. அந்தப் பிரிவோடு புறக்குழாய் வழி எக்மோவை மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு) குறைந்த மதிப்புள்ள டிஆர்ஜிகளில் (மருத்துவமனைக்கு மொத்தத் தொகை தீர்மானிக்கும் குழுக்கள்) போட்டுவிட்டது; மருத்துவ அமைப்புகள் எதிர்த்தன; 2020 நிதியாண்டிலிருந்து மீண்டும் எம்எஸ்-டிஆர்ஜி 003-க்கு வந்தது. குழந்தைகளில் பெரும்பாலோர் மெடிகெய்டிலோ (குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடு) தனியார் காப்பீட்டிலோ இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் வேறு டிஆர்ஜி முறை வரலாம். ஆனால் பாடம் ஒன்றுதான்: கேனுலா மையத்திலா புறத்திலா என்ற ஒரே எழுத்து, மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையைத் தலைகீழாக்க முடிந்தது.

நோய்க் கோடில் நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சரிபாருங்கள். மூச்சுத்திணறலோடு கூடிய மெக்கோனியம் என்றால் பி24.01. நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு பி29.30, பழைய பி29.3 என்று நான்கு இலக்கத்தோடு நிறுத்தினால் திரும்பி வந்துவிடும். எக்மோ ஏன் தேவைப்பட்டது என்று பேயருக்குச் சொல்வது இந்த இரண்டும்தான்.

ஆக உங்கள் சார்ட் இப்படி வரும். முதல் நாள் தீவிர சிகிச்சை மருத்துவருக்கு 99468, 33947. அறுவை மருத்துவருக்கு 33953 ஒன்று. 2-ம் நாள் முதல் 6-ம் நாள் வரை 99469, 33949. 4-ம் நாள் அறுவை மருத்துவருக்கு 33959. 7-ம் நாள் 99469-ம் 33969-ம், குறிப்பு தாங்கினால் 33949-ம். சர்க்யூட்டைத் தொடங்கியது அறுவை மருத்துவர்தான் என்று நோட்டில் இருந்தால் 33947 அவர் பெயருக்குப் போகும். அதை மட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். நடுவில் எந்த நாளிலாவது "தொடர்க" என்ற ஒற்றை வரிக் குறிப்பு இருந்தால், கோடைத் தூக்கிவிடாமலும் ஊகத்தில் போடாமலும் ப்ரொவைடருக்கு ஒரு க்வெரி அனுப்புங்கள். அன்றைக்குச் செய்த வேலை எழுதாமல் விட்டதாக இருந்தால், அவர்கள் விதிப்படி தேதியோடு சேர்க்கை எழுதித் தருவார்கள்.